மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் நகம் மஞ்சளாகவே இருக்கிறது, மூலிகை எண்ணெய் பூசலாமா?

கேள்வி: கால் பெருவிரலில் நகச்சொத்தை. டெர்பினாஃபின் 250 மி.கி. மாத்திரையை 12 வாரம் சாப்பிட்டு முடித்தேன். மஞ்சள் போகவில்லை. மருந்துக்கு அடங்காத பூஞ்சை என்கிறார்கள். டீ ட்ரீ எண்ணெய், வேப்பெண்ணெய் இரண்டில் எது கேட்கும்?

பதில்: அடங்காத பூஞ்சை என்று எதை வைத்துச் சொன்னார்கள்? நகத்தைச் சுரண்டி சோதனைக்கு அனுப்பினார்களா? கால் பெருவிரல் நகம் மாதம் ஒன்றரை மி.மீ. அளவுக்குத்தான் வளரும். முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். பூஞ்சை செத்துப்போயிருந்தாலும் கெட்ட நகம் வளர்ந்து வெளியேறும்வரை மஞ்சள் தெரியத்தான் செய்யும். "முப்பது நாளில் புது நகம்" என்று பாட்டில் விற்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

சொத்தை போலத் தெரிவதில் ஏறக்குறைய பாதி பூஞ்சையே இல்லை. சொரியாசிஸ் என்ற தோல் நோய், இறுக்கமான செருப்பு என்று காரணம் வேறாக இருக்கும். சோதனையே இல்லாமல் மூன்று மாத மாத்திரையை எழுதிக்கொடுப்பதும், நக நுனியை மட்டும் வெட்டியனுப்பி 'பூஞ்சை இல்லை' என்று முடிவு வாங்குவதும் நம் மருத்துவமுறைக்குப் பழகிப்போன அலட்சியம். தளர்ந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு, நல்ல நகத்தை ஒட்டி அடியில் இருக்கும் மாவு போன்ற பொடியைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பூசிக்கொண்டே மாதிரி கொடுக்காதீர்கள், சோதனைக்கூடத்தில் பூஞ்சை வளராது. வளர்ப்புச் சோதனை முடிவு வர நான்கு வாரம் ஆகலாம்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். மனிதர்களிடம் ஓரளவு சோதித்தது டீ ட்ரீ எண்ணெயைத்தான். 1994இல் வந்த ஆய்வில், கலப்பில்லாத எண்ணெயை ஆறு மாதம் தினம் இருவேளை பூசியபோது 1% கிளாட்ரிமசோல் என்ற பூசும் பூஞ்சை மருந்தின் அளவுக்குத்தான் பலன் இருந்தது. இரண்டிலுமே பூஞ்சை ஒழிந்தது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. வேப்பெண்ணெய்க்கு அந்த அளவுகூட ஆதாரம் இல்லை. பச்சைப் பூண்டை வைத்துக் கட்டினால் தோல் வெந்துவிடும்.

பூசுவதானால் நகத்தை அரத்தால் மெல்லியதாக்கி, நகத்தின் மேலும் நுனிக்கு அடியிலும் மட்டும் ஒரு துளி. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான எண்ணெய் தோலில் அரிப்பைக் கிளப்பும். தோல் சிவந்தால் நிறுத்துங்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதையும் ஆற்றுங்கள், இல்லையேல் அங்கிருந்தே மறுபடி வரும். 'மூலிகை' என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு விற்பதுண்டு. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சை பரவும்.

சர்க்கரை நோயாளிக்கு, அதிலும் பாதம் மரத்துப்போனவருக்கு, மேலே சொன்ன அரம் வேலை கூடாது. அரம் தோலைக் கீறினாலும் தெரியாது, எண்ணெய் எரிந்தாலும் தெரியாது, புண் ஆழமான பிறகுதான் கண்ணில் படும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்ற சமாதானமும் வேண்டாம். வேறொருவர் கையால், அதுவும் பாதம் பார்க்கத் தெரிந்தவர் கையால் மட்டும்.

மற்றவர்கள் இன்றே நல்ல நகமும் மஞ்சளும் சேரும் இடத்தில் அரத்தால் லேசாக ஒரு கோடு போடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். மஞ்சள் நிறம் கோட்டைத் தாண்டாமல் நக நுனிப்பக்கமே நின்றால் நல்ல நகம் வளர்கிறது, மாத்திரை வேலை செய்திருக்கிறது. கோட்டைத் தாண்டி நகம் முளைக்கும் பக்கம் இறங்கியிருந்தால் சோதனை முடிவோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.