ரிங்ல விழுந்ததுக்கப்பறம் நான் நானாவே இல்ல மேடம்

வணக்கம் மேடம், எனக்கு வயசு 23, ஊரு மதுரை செல்லூர். 14 வயசுல இருந்து பாக்ஸிங் பண்றேன். காலைல ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல ஓடிட்டு, மாஸ்டர் கையில மாட்டிப் புடிக்கிற பேட்ல குத்திப் பழகிட்டு, அங்கிட்டு இருந்தே டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போயிருவேன். எங்க ஏரியால என் பேரச் சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது, பாக்ஸர்னு கேட்டாத்தான் வீட்டக் காட்டுவாங்க.

நாலு மாசத்துக்கு முன்னாடி ஸ்டேட் லெவல் போட்டி, 60 கிலோ பிரிவு. ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு வேலைக்கு வழி கெடைக்கும்னு வீடே நம்பிக்கிட்டு இருந்துச்சு. வெயிட்டு நாலு கிலோ கூட இருந்துச்சு, மூணே நாள்ல எறக்குனேன், ரெயின்கோட்டு போட்டு ஓடி, தண்ணி குடிக்காம, எச்சியத் துப்பித் துப்பி. மொத ரவுண்டு நான்தான் லீடு. ரெண்டாவதுல கை தூக்கவே வரல, கார்டு, அதான் மொகத்த மறைக்கிற கை, எறங்குறது எனக்கே தெரியுது ஆனா ஏத்த முடியல, காதுக்கு மேல பக்கவாட்டுல ஒரு குத்து, ஹூக், விழுந்துச்சு, ரெஃப்ரி எட்டு வரைக்கும் எண்ணுனாரு, மறுபடி வந்தேன், மறுபடி ஒன்னு, அதோட நிறுத்திட்டாரு. அன்னிக்கு பஸ் ஏறுனது, ஊருக்கு வந்தது எல்லாம் அரைகொறையாத்தான் ஞாபகம் இருக்கு. எங்கப்பா லோடு எறக்குறவரு, ஒரு நாள் கூலிய விட்டுட்டு பாக்க வந்தாரு. வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

தலவலிய யார்கிட்டயும் சொல்லல, தோத்ததுக்கு சாக்கு தேடுறான்னு சொல்லிருவாங்க. 12வது நாள் ஸ்பாரிங், அதான் பயிற்சிச் சண்டைக்குப் போனேன். ஒரு சின்னப் பய நேரா ஒரு குத்து, ஜாப், விட்டான், நான் கண்ண மூடிட்டேன் மேடம், பொசுக்குன்னு மூடிட்டேன். அன்னிக்குக் கழட்டுன கிளவுஸ்தான், இன்னும் மாட்டல.

இப்ப 72 கிலோ இருக்கேன். ரெண்டு நிமிசம் ஸ்கிப்பிங் ஆடுனா தல சுத்துது. ஒர்க்‌ஷாப்புல எந்த வண்டிக்கு என்ன வேலை சொன்னாங்கன்னே மறந்துருது. தூக்கம் வரல, குடிச்சாத்தான் தூங்குறேன். போன வாரம் அம்மா டியூப்லைட்டு போட்டதுக்கு சாப்பாட்டுத் தட்ட வீசிட்டேன், பாவம் அது ஒன்னும் சொல்லாம பெறக்குச்சு. நான் விழுந்த வீடியோவ பசங்க வாட்ஸப்புல போட்டானுங்க, ராத்திரியெல்லாம் அதையே ஓட்டி ஓட்டிப் பாக்குறேன். முகமது அலிக்கு கை நடுங்குனது மாதிரி எனக்கும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. சில நாள் காலைல எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு கூடத் தோணுது. நான் கோழை ஆயிட்டேனா? திரும்ப ரிங் ஏற முடியுமா?

ஆலோசகர் பதில்:

தம்பி, கடைசிக்கு முந்துன வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன். எந்திரிக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணுறத இன்னிக்கே அம்மாகிட்டயோ மாஸ்டர்கிட்டயோ வாய்விட்டுச் சொல்லிரு. ராத்திரி அந்த நெனப்பு வந்தா 14416க்கு போன் போடு, டெலி மானஸ்னு அரசாங்கம் நடத்துறது, 24 மணி நேரமும் காசு இல்லாம தமிழ்லயே பேசலாம். சாகணும்னு தோணி மனசு அதுலயே நின்னுச்சுன்னா தனியா இருக்காத, யாரையாச்சும் கூட்டிக்கிட்டு நேரா பெரியாஸ்பத்திரி எமர்ஜென்ஸிக்குப் போயிரு.

இப்ப நீ கேட்ட கோழை விஷயம். உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன். தலவலி, கிறுகிறுப்பு, மறதி, வெளிச்சம் ஆகாம போறது, தூக்கம் கெடுறது, பொசுக்குன்னு கோவம் வர்றது, பஸ் ஏறுனதே சரியா ஞாபகம் இல்லாதது. இதெல்லாம் மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன் ஆனவங்க சொல்றது தம்பி. பாலமேட்டுல மாடு குத்தி ஒருத்தனுக்கு விலா ஒடிஞ்சா ஓடிப்போய்த் தூக்குறோம், அவன கோழைன்னு நம்ம ஊர்ல ஒருத்தரும் சொல்றதில்ல. உனக்கு பட்ட அடியில ரத்தம் வரல, அதனால நீயும் பாக்கல, உன்னச் சுத்தி இருந்தவங்களும் பாக்கல. கண்ண மூடுனதையும் குத்தமா எடுத்துக்காத, ஆறாத தலைய காப்பாத்த உடம்பு தானா செஞ்சது.

எனக்கு ரொம்ப பதறுனது அந்த 12வது நாள்தான். தலையில அடிபட்டு ரெஃப்ரி நிறுத்துனா குறைஞ்சது 30 நாள் சண்டையும் கூடாது ஸ்பாரிங்கும் கூடாதுன்னு அமெச்சூர் பாக்ஸிங் விதியிலயே இருக்கு, மூணு மாசத்துக்குள்ள ரெண்டு தடவ ஆச்சுன்னா 90 நாள். காரணம், மொத அடி ஆறாம இருக்கும்போது ரெண்டாவது விழுந்தா மூளை வீங்கி உசுரே போகலாம், அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு. ஹெட்கார்டு, அதான் தலைக் கவசம், போட்டுருந்தேனேன்னு சொல்லாத, அது தோல் கிழியாமக் காக்கும், உள்ள மூளை குலுங்குறத அது தடுக்காது. அதோட மூணு நாள்ல நாலு கிலோ எறக்குனது பெரும்பாலும் தண்ணிதான். உன் கை ஏறாம போனதுக்கு அதுக்கும் பங்கு இருக்கும், அத வீரம் கம்மின்னு நீ கணக்கு எழுதிக்கிட்ட.

அதனால மொதல்ல பெரியாஸ்பத்திரிதான். நரம்பியல் ஓ.பி.ல காட்டு, மனநலப் பிரிவும் அங்கயே இருக்கு, ரெண்டையும் பாரு. அடி வாங்குன தேதி, ரெண்டு அடிக்கும் நடுவுல எண்ணுனது, 12வது நாள் ஸ்பாரிங், இப்ப இருக்கற தொல்லை எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போ, உள்ள போனா மறந்துரும். நாலு மாசம் ஆனதால நேரம் கடந்துருச்சுன்னு நெனைக்காத, இவ்ளோ நாள் நீடிக்கிறதுக்கும் சிகிச்சை இருக்கு. வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறதுன்னு எது வந்தாலும் ஓ.பி.க்குக் காத்திருக்காம அப்பவே ஓடு. குடிய நிறுத்தணும், ஆறிக்கிட்டு இருக்கற மூளைக்கு அது ஆகாது, அது தர்ற தூக்கமும் அரைத் தூக்கம்தான். தெனமும் குடிச்சுக்கிட்டு இருந்தா திடீர்னு நீயா விடாம டாக்டர்கிட்ட சொல்லி விடு. ரூமுக்குள்ளயே படுத்துக் கெடக்காத, சாயங்காலம் வெயில் தாழ தெப்பக்குளத்தச் சுத்தி மெதுவா நட, தலை சுத்துனா உக்காந்துரு.

அலி விஷயம். அவர் 1960ல இருந்து 1981 வரைக்கும் 61 புரொஃபஷனல் பவுட், அதாவது சண்டை, ஆடுனவர், பார்க்கின்சன்ஸ்ங்கற நடுக்க நோய்னு 1984ல கண்டுபிடிச்சாங்க. வருஷக்கணக்கா தலையில வாங்குன அடியையும் உன்னோட ஒரு பவுட்டையும் ஒரே தட்டுல வைக்காத. ஆனா நீ திரும்ப ஆடலாமாங்கறத டாக்டர் சொல்லட்டும், உன் ரோஷமோ ஏரியா பசங்களோ முடிவு பண்ண வேணாம். ஆடக்கூடாதுன்னு சொன்னா வலிக்கும்தான், நான் பொய் சொல்ல மாட்டேன்.

தோத்த துக்கம் தனியா ஒன்னு இருக்கு. பாக்ஸர்ங்கறதே உனக்குப் பேரா இருந்துச்சு, அது போனா வீட்டு அட்ரஸே போன மாதிரித்தான் இருக்கும். 2008 ஒலிம்பிக்ல துப்பாக்கி சுடுறதுல தங்கம் ஜெயிச்ச அபினவ் பிந்த்ராவே அதுக்கப்பறம் மனசு வெறுமையாக் கெடந்துச்சுன்னு வெளிப்படையா சொல்லியிருக்கார், அப்ப தோத்தவனுக்கு எப்படி இருக்கும். அந்த வீடியோவ போன்ல இருந்து அழிச்சுரு. அப்பா பேசாம வந்தது ஏன்னு நீயாதான் முடிவு பண்ணிருக்க, அவர்கிட்ட கேக்கவே இல்ல. கண்ணு முன்னாடி புள்ள ரெண்டு தடவ அடிவாங்கி தடுமாறுனதப் பாத்த மனுசன் அவரு. ஆஸ்பத்திரிக்கு அவரையே கூட்டிட்டுப் போ.

அம்மாகிட்ட இன்னிக்கு ராத்திரியே அந்தத் தட்டு விஷயத்தப் பேசு. வெளிச்சம் பட்டா தலை வலிக்குது, அதான் எறிஞ்சேன், தப்புதாம்மான்னு சொல்லு. அந்த டியூப்லைட்டுக்குப் பதிலா ஒரு சின்ன மஞ்ச பல்பு நீயே வாங்கி மாட்டிக் குடு.