முடி கம்மியா, இழை மெலிசா?

கேள்வி: என் முடி அடர்த்தியானதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்த எண்ணெய், எந்த ஷாம்பு ஒத்துவரும்?

எங்கள் வீட்டில் என் சடைக்கு 'எலிவால்' என்று பெயர். அக்காவுக்குக் கைக்கு அடங்காத சடை. கல்யாணம், காதுகுத்து என்றால் அம்மா எனக்கு மட்டும் சவுரி வைத்துப் பின்னிவிடுவார். முடி கம்மி என்றே 30 வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பொடுகுக்காகப் போன இடத்தில் தோல் டாக்டர் வகிட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எண்ணிக்கை நல்லாத்தாம்மா இருக்கு, இழைதான் மெலிசு" என்றார்.

அடர்த்தி என்பது தலையில் எத்தனை முடி நெருக்கமாக இருக்கிறது என்பது. ஒவ்வொரு முடியும் எவ்வளவு தடிமன் என்பது வேறு கணக்கு. சராசரியாக ஒரு தலையில் ஒரு லட்சம் முடி இருக்கும். என் அக்காவுக்கு ஒருவேளை என்னைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் கம்பி மாதிரி.

குளித்துக் காய்ந்த தலையோடு, எண்ணெய் வைக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள். வகிடு எடுக்காமலே தோல் பளிச்சென்று தெரிந்தால் அடர்த்தி குறைவு. விரலால் விலக்கித் தேடினால்தான் தெரிகிறது என்றால் அதிகம். குதிரைவால் போட்டு, தையல் டேப்பால் சுற்றளவு எடுக்கச் சொல்வார்கள்: 5 செ.மீ.க்குக் கீழே குறைவு, 10 செ.மீ.க்கு மேலே அதிகம் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, தடித்த இழை கணக்கைக் கெடுத்துவிடும். இழைக்கு, சீப்பில் வந்த ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். என்னுடையது கையில் இருப்பதே தெரியாது. அக்காவுடையது தையல் நூல் போல நெருடும்.

இது தெரியாமல் நான் வருடக்கணக்கில் விளக்கெண்ணெய் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். இரண்டு முறை ஷாம்பு போட்டாலும் பிசுக்குப் போகாது. மெல்லிய முடி கற்றை கற்றையாக ஒட்டி, நடுநடுவே தோல் தெரியும். இருக்கிற முடியும் இல்லாத மாதிரி இருக்கும். போதாததற்குப் பொடுகு வேறு. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு.

இப்போது ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, பாதி முடியிலிருந்து நுனி வரை மட்டும். தேங்காய் எண்ணெய் இழைக்குள்ளேயே இறங்கும், அலசும்போது முடியின் புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. எந்த எண்ணெயாலும் முடியின் வேர்க்குழிகளைக் கூட்ட முடியாது, அந்த எண்ணிக்கை பிறக்கும்போதே முடிவானது. ஷாம்பு தலைத் தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு. சீகைக்காய் என்றால் வடிகட்டிய தண்ணீர் மட்டும், சக்கை மாட்டிக்கொண்டால் ஒரே சிக்கு. அக்காவின் முடிக்கு நேர்மாறு: தாராளமாக எண்ணெய், கெட்டிக் கண்டிஷனர், அகலப் பல் சீப்பு.

சரி, முன்பு அடர்த்தியாக இருந்து இப்போது குறைகிறது என்றால் அது வேறு கதை. தினமும் 50 முதல் 100 முடி விழுவது சகஜம். எனக்கு டெங்கு வந்து போன இரண்டாவது மாதம், குளியலறை ஜாலியில் பந்து பந்தாகச் சேர்ந்தது. மூன்று எண்ணெய் மாற்றினேன், மூன்றாவதில் நின்றது, ஊரெல்லாம் சிபாரிசும் செய்தேன்! கடுமையான காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவதும், சில மாதங்களில் தானாக அடங்குவதும் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. எண்ணெய்க்கு வீண் பெயர்.

ஆனால் வகிடு மெல்ல மெல்ல அகலமாகிறது என்றால் எண்ணெய் மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தோல் டாக்டரைப் பாருங்கள். இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனை சொல்வார்கள். முடி குறைகிறதோ என்று தோன்றும்போதிருந்தே, மாதம் ஒரு தடவை அதே ஜன்னல் பக்கம் நின்று வகிட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். "ரொம்பக் கொட்டுது டாக்டர்" என்று சொல்வதைவிட அது அவருக்கு உதவும்.