சாலையிலிருந்து மூன்று மணி நேரம் காட்டுக்குள் நடந்து போய்ப் பாறை ஏற, குமரி மாவட்டத்தில் எப்படித் தயாராவது?

கேள்வி இது: உள்ளரங்கச் சுவரில் ஓராண்டு பழகிய நாலு பேர், ஜனவரியில் நாகர்கோவிலுக்கு மேற்கேயோ வடக்கேயோ மலைக்குள் இருக்கும் ஒரு பாறைமுகத்தில் ஏற நினைக்கிறார்கள். மூன்று மணி நேர நடை. என்ன கயிறு, என்ன சாமான், எதில் கவனம்?

கயிற்றுக்கு முன்னால் அனுமதி. வேளிமலை, பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், குலசேகரம், களியல் சரகங்களின் மலைக்காடு பெரும்பாலும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே காலை வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ நடந்த பிறகு மலையேற்ற விதிகள் இன்னும் இறுகின. நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்தில் எந்தப் பாறை, எந்த வழி, எத்தனை பேர், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். "ட்ரெக்கிங்" என்று மட்டும் எழுதி உள்ளே போய்க் கயிறு கட்டாதீர்கள். கயிறு கட்டி ஏறப்போகிறோம் என்று அந்த மனுவிலேயே இருக்கட்டும். வழிகாட்டியாக இந்த மலைப் பழங்குடிகளான காணி மக்களில் ஒருவர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. யானைத் தடம் எது, எந்தப் பாறையில் தேன் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மகேந்திரகிரிப் பக்கம் இஸ்ரோவின் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது, அதைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அடுத்து நேரக் கணக்கு. தூரப் பாறையில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தலைக்கு 12 முதல் 14 கிலோ சுமையோடு காட்டு வழியில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் பத்து நிமிடம் கூட்டுங்கள். ஆறு கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம் சரியாக வரும். ஜனவரியில் ஏழு மணிக்கு, வெளிச்சம் நன்றாக வந்தபின் கிளம்பினால் பத்து மணிக்குப் பாறையடி. பார்த்து, சாமான் பிரித்துக் கட்ட அரை மணி நேரம். மாலை ஐந்துக்குள் சாலைக்கு வந்தாக வேண்டும், ஏனென்றால் அந்தி நேரம் யானை நடமாடும் நேரம். தளர்ந்த காலுக்கு இறக்கமும் மூன்று மணி நேரம் எடுக்கும். ஆக, இரண்டு மணிக்குப் பையைத் தோளில் போட்டிருக்க வேண்டும். கையில் மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். இருவர் ஒரு கயிறு நீளம் ஏறி, ஆங்கர் (கயிற்றையும் ஆளையும் பாறையோடு பிணைக்கும் பிடிமானம்) கட்டி, இரண்டாமவரை மேலே எடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நாலு பேர் இரண்டு ஜோடியாக ஏறினால் ஒரு ஜோடிக்கு இரண்டு நீளம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. முதல் பயணத்தில் 30 மீட்டருக்குக் குறைந்த பாறையில் மேலிருந்து கயிறு போட்டு ஏறுவதே நல்லது. பன்னிரண்டரைக்குள் முதல் ஆங்கருக்கு வரவில்லை என்றால் இறங்கிவிடுவது என்று வீட்டிலேயே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் நின்றுகொண்டு யோசித்தால் இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்றுதான் தோன்றும்.

கயிறு. 60 மீட்டர் கயிறு ஒன்றை இரட்டையாகப் போட்டால் 30 மீட்டர்தான் இறங்க முடியும். அதைவிட உயரமான பாறைக்கு 60 மீட்டர் ஹாஃப் ரோப் (இரண்டைச் சேர்த்தே பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு வேண்டும். எட்டரை மில்லிமீட்டர் கயிறுகள் இரண்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்குள் அடங்கும், ஆளுக்கொன்றாகச் சுமக்கலாம். சிறிய பாறைக்கு 9.8 மில்லிமீட்டர் ஒற்றைக் கயிறு போதும், ஏறத்தாழ நாலு கிலோ. கடையில் கிடைக்கும் நைலான் கயிறோ, நீட்சி இல்லாத ஸ்டாட்டிக் கயிறோ முன்னால் ஏறுபவருக்கு ஆகவே ஆகாது. விழுந்தால் அதிர்ச்சியைக் கயிறு வாங்காது, உடம்பும் ஆங்கரும் வாங்கும்.

சரணாலயப் பாறையில் துளை போட்டு போல்ட் (கயிறு மாட்டும் எஃகு ஆணி) அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. யாரோ எப்போதோ அடித்த போல்ட் கண்ணில் பட்டாலும் நம்பாதீர்கள். கடல் இங்கே பக்கம். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத எஃகுகூட வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே விரிசல் விடும். தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் இப்படிப் போல்ட்டுகள் கையோடு வந்ததால்தான் டைட்டானியத்துக்கு மாறினார்கள். ஆகவே ஆங்கர் என்றால் மரம், பெரும்பாறை, விரிசலில் நட் (இறுக்கிச் செருகும் உலோகக் கட்டி), கேம் (விரிந்து இறுகும் கருவி) இவைதான். மரம் உயிரோடு, ஆணிவேர் மண்ணில் இறங்கி, தொடையைவிடப் பருமனாக இருக்க வேண்டும். பாறை விளிம்பில் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மரம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம். எப்போதும் மூன்று பிடிமானங்கள். அவற்றை இணைக்கும் ஸ்லிங்குகளுக்கு (நாடா வளையங்களுக்கு) இடையிலான கோணத்தை 60 டிகிரிக்குள் வையுங்கள். இரண்டு புள்ளி ஆங்கரில் 60 டிகிரியில் ஒவ்வொன்றும் எடையில் 58 சதவீதம் தாங்கும், 90 டிகிரியில் 71, 120 டிகிரியில் ஒவ்வொன்றுமே முழு எடையைத் தாங்க வேண்டியிருக்கும். இதற்காகத்தான் 120 சென்டிமீட்டர் ஸ்லிங் மட்டுமல்லாமல் 240 சென்டிமீட்டர் ஸ்லிங்கும் இரண்டு எடுத்துப் போகச் சொல்வது.

இங்குள்ள பாறை சார்னோகைட்டும் கொண்டலைட்டும். நம் ஊர்க் குவாரிகளில் உடைபடும் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட்தான். கடினமானது, ஆனால் விரிசல் குறைவு. வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும் தன்மை அதற்கு உண்டு. பார்வைக்குக் கைக்கு அடங்கிய நல்ல பிடியாகத் தெரிவது, பின்னால் காற்று புகுந்த தகடாக இருக்கும். சக்கை (பலா) பழுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போமே, அதேபோல விரல் முட்டியால் தட்டுங்கள். "டங்" என்று கெட்டியாகக் கேட்டால் பிடிக்கலாம். "டொக்" என்று பொள்ளலாகக் கேட்டால் அதில் தொங்கவும் வேண்டாம், பின்னால் கேம் வைக்கவும் வேண்டாம். கேம் விரிந்து தள்ளும்போது தகடே பெயர்ந்து கீழே நிற்பவர் தலையில் விழும். கொண்டலைட் செம்பழுப்பாக, சிவந்த கார்னெட் மணிகளோடு, உள்ளங்கையால் தேய்த்தால் மணலாக உதிரும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கும் கார்னெட் இப்படி மலையிலிருந்து உதிர்ந்து வந்ததுதான். அப்படி உதிர்கிற இடத்தில் நட்டோ கேமோ நிற்காது. முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டைகள் மழைநீர் வழிந்த தடம். காய்ந்திருந்தால் சொரசொரப்பு, ஈரம் பட்டால் சோப்புக் கட்டி.

தேனீ. யானையைவிட, பாம்பைவிட, கயிற்றில் தொங்குபவரைக் கொல்லக் கூடியது மலைத்தேனீ. துரத்தினால் ஓட முடியாது என்பதுதான் காரணம். 200 மீட்டர் தள்ளி நின்று பைனாக்குலரில் பாறையை இடமிருந்து வலமாகப் பாருங்கள். துருத்திய பாறைக்கு அடியில் அரைவட்டமாகத் தொங்கும் அடை இருக்கிறதா? அடை இல்லாவிட்டாலும் அரைவட்டத்தில் மெழுகுக் கறை இருந்தால் அந்த இடத்துக்கு அவை ஆண்டுதோறும் திரும்பி வரும். அதற்கு நேர் கீழேயும் பக்கத்திலும் ஏற வேண்டாம், அன்றைக்கு வேறு பாறை அல்லது வீடு. வாசனைத் திரவியம், புகை, கத்தல் கூடாது. கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை கிளம்பும், மற்ற ஈக்களை அழைப்பது அதுதான். அடிக்காமல், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, உடனே கீழே இறங்கி அடர்ந்த புதருக்குள் போக வேண்டும்.

பருவம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரிதான் சரி. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பார்த்த முகம் நாள் முழுக்க நிழலில் இருக்கும். மேற்குப் பார்த்தது நண்பகல் வரை நிழல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றும். அந்தக் காற்றில் கீழே எறிந்த கயிறு மேலே திரும்பி வந்து மரத்தில் மாட்டும், 20 மீட்டரில் கத்தினாலும் கேட்காது. எந்தப் பருவமானாலும் கயிற்றை இழுத்துக் காட்டும் சைகையை முதலிலேயே பேசி வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், டிசம்பர் பாதி வரை பாறை காயாது.

தண்ணீர் தலைக்கு ஐந்து லிட்டர். கனமாகத்தான் இருக்கும், குறைக்காதீர்கள். அதில் ஒரு லிட்டர் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீராக இருந்தால் தசைப்பிடிப்பு குறையும். அட்டைக்குப் புகையிலை நனைத்த தண்ணீரைக் காலுறையில் தடவினால் போதும்.

இறங்கும்போதுதான் தவறுகள் நடக்கின்றன. கயிற்றின் இரு முனையிலும் முடிச்சு. 6 மில்லிமீட்டர் கார்டு (மெல்லிய கயிறு) ஒன்றரை மீட்டர் எடுத்து வளையமாகக் கட்டி, பிரூசிக் முடிச்சாகக் கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, ராப்பல் கருவிக்கு (கயிற்றில் இறங்கும் கருவிக்கு) கீழே ஹார்னஸின் (இடுப்புப் பட்டையின்) கால் வளையத்தில் மாட்டுங்கள். கை நழுவினாலும் அது பிடிக்கும், ஆனால் கருவியைத் தொடாத அளவு குட்டையாக இருக்க வேண்டும், தொட்டால் பிடிக்காது. முதலில் இறங்கியவர் கீழிருந்து கயிறு இழுபடுகிறதா என்று ஒரு முழம் இழுத்துப் பார்த்த பிறகே மற்றவர் இறங்கட்டும். கயிற்றை உருவுவதற்கு முன் முனை முடிச்சை அவிழ்க்க மறக்காதீர்கள், விரிசலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாலு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, இருவர் சிக்னல் உள்ள இடம் தேடிப் போய் 108-ஐ அழைக்கலாம். கயிற்றோடு மேலே வந்து யாராவது இறக்கிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம், பாறையடி வரை உங்கள் வேலைதான். ஹார்னஸில் மயங்கித் தொங்குபவரை நிமிடக் கணக்கில் கீழே இறக்கிப் படுக்க வையுங்கள். பாம்பு கடித்தால் கட்டு, கீறல் எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாமல் தூக்கிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுக்குத்தான் விஷமுறிவு மருந்து வேலை செய்யும். ரப்பர் தோட்டச் சருகில் கிடக்கும் கூர்மூக்குக் குழிவிரியனுக்கு அது பயன்படாது. அதனால் எந்தப் பாம்பு என்று நிறத்தையும் தலையையும் தூரத்திலிருந்தே பார்த்துவைத்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவும், பிடிக்கப் போகாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு ஒன்று. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் வீடு என்றால் கயிற்றை ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் வைக்காதீர்கள். ரப்பர் பாலை உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் நைலானையே கரைக்கக் கூடியது. ஆவியோ ஒரு துளியோ பட்ட இடம் வெளியே தெரியாது. நிழலில் காயவைத்துத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். ஆசிட் கேன் ஏற்றிய வண்டியின் டிக்கியில் ஒரு முறை போய்வந்த கயிறு என்றால், புதிதாக இருந்தாலும் வெட்டி மாடு கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.