புகை வீட்டுக்குள் வந்தால்: கேள்வி பதில்

கோப்பாயிலிருந்து ஓர் அம்மா: சோளகம் தொடங்கினால் பக்கத்து வளவில் காவோலை எரிக்கும் புகை எல்லாம் எங்கள் வீட்டுக்குள்தான். ஓட்டு வீடு. எதையென்று அடைப்பது?

வீடு முழுவதையும் அடைக்கப் பார்க்காதீர்கள், அம்மா. நம் வீடுகள் காற்றோட்டத்துக்காகக் கட்டியவை. ஓட்டு இடுக்கால் புகை வந்தே தீரும். ஓர் அறையைக் காப்பாற்றுங்கள், போதும். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவதால் வடகிழக்கு மூலை அறை நல்லது. சீலிங் அடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களைப் பொலித்தீன் வைத்து ஒட்டுங்கள். பழைய சாரம் ஒன்றை நனைத்துச் சுருட்டிக் கதவின் அடி இடைவெளியில் செருகுங்கள். நுளம்புச் சுருள், சாம்பிராணி இரண்டும் அந்த அறையில் வேண்டவே வேண்டாம். புகை அடங்கியதும் யன்னல்களை அகலத் திறந்துவிடுங்கள். பூட்டிய அறையின் வெக்கை வயதானவர்களுக்குப் புகையளவு ஆபத்தானது.

சுன்னாகம் வாசகர்: ஈரத்துணியை மூக்கில் கட்டினால் போதாதா?

போதாது. நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள்கள் 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறியவை. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. துணியின் இழைகளுக்கிடையே எளிதாக நுழைந்துவிடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசம்தான் உதவும். அதுவும் நச்சு வாயுக்களைத் தடுக்காது.

நல்லூரிலிருந்து ஒரு தந்தை: மகள் ரொறன்ரோவில். காட்டுத்தீப் புகை வந்தால் என்ன செய்யச் சொல்ல?

2023 யூனில் கியூபெக் காடுகள் எரிந்த புகை நியூயோர்க் வானத்தையே செம்மஞ்சளாக்கியது. தூரம் பார்த்து அசட்டையாக இருக்க முடியாது. யன்னல்களைப் பூட்டி, வீட்டுக் காற்றோட்ட இயந்திரத்துக்குத் தாங்குமென்றால் நுண்துகள்களைப் பிடிக்கும் ‘மெர்வ் 13’ தர வடிகட்டி போடச் சொல்லுங்கள். படுக்கையறைக்கு, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று போதும். புகை நாளில் எண்ணெயில் பொரிக்கவும் வேண்டாம், அதுவும் புகைதான்.

சாவகச்சேரித் தம்பி ஒருவர்: இங்கே காட்டுத்தீயே இல்லையே, ஏன் இந்தப் பயம்?

தம்பி, 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்றால் இலங்கையில் பாடசாலைகளையே மூடினார்கள். அது எப்போதாவது வருவது. வேலியோரம் தினமும் எரியும் குப்பையை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. பொலித்தீனும் பிளாஸ்திக்கும் எரியும் புகையைக் கைக்குழந்தை சுவாசிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. தயவுசெய்து எரிக்காதீர்கள்.

மானிப்பாய் வாசகி: தாயாருக்குத் தொய்வு (ஆஸ்துமா). எப்போது ஆஸ்பத்திரி?

மருந்துப் பம்ப் (இன்ஹேலர்) அடித்தும் மூச்சுத் திணறல் குறையாவிட்டால், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால் காத்திருக்க வேண்டாம், அக்கா. உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழையுங்கள்.