பன்னிரண்டாம் நம்பர் ரூம்

கேள்வி: "கிறிஸ்தவர்கள் சொல்லும் இரக்கம் என்பது மனம் உருகுவது மட்டும்தானா? தினமும் துன்பத்தின் நடுவிலேயே இருப்பவர்களுக்கு அது மரத்துப்போகாதா?"

மரத்துப்போகும். அனுபவத்தில் சொல்கிறேன்.

வேலூரில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு லாட்ஜில் பதினோரு வருஷமாக மேனேஜராக இருக்கிறேன். வங்காளம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வருகிற நோயாளிகள்தான் எங்கள் வாடிக்கை. ரூமோடு கேஸ் அடுப்பு, குக்கர், பாத்திரமெல்லாம் வாடகைக்குத் தருவோம். ஆரம்பத்தில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். இப்போது ஆதார் நகலும் அட்வான்சும்தான் கண்ணில் படுகிறது. இத்தனைக்கும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்.

பைபிளில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் (கோயில் குரு) கண்டான், லேவியனும் (கோயில் ஊழியன்) கண்டான். கண்டுவிட்டுத்தான் 'பக்கமாய் விலகிப்' போனார்கள். சமாரியன் கண்டு, 'மனதுருகி', கிட்டே போனான். காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணமும் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். உருகியதற்கு ஒரு சொல்தான், மிச்சமெல்லாம் வேலையும் செலவும். (அந்தச் சத்திரக்காரனைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஒரே தொழில் என்பதால் எனக்கு அவன்மேல் ஒரு கண்.)

வேலூர்க்காரர்கள் இரக்கம் என்றால் 1900ல் ஒரே கட்டிலோடு இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைச் சொல்வார்கள். எனக்கு 1946ல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட் ஞாபகம்தான் வரும். தொழுநோய் நேராக விரலைத் தின்பதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால்தான் காயம் பட்டுப் பட்டு விரல் போகிறது என்று எடுத்துக்காட்டியவர். தூக்கத்தில் எலி கடித்தால்கூட அந்த நோயாளிகளுக்குத் தெரியாது. அதற்காகவே பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

எனக்கு அப்படிப் பூனையாக வந்து சேர்ந்தது எங்கள் லாட்ஜைப் பெருக்குகிற அக்கா. போன ஆடியில் ஒரு நாள் கவுன்டர் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, பன்னண்டாம் நம்பர் ரூம்ல மூணு நாளா அடுப்பே பத்தல. குப்பையில வெறும் பிஸ்கட் கவராதான் வருது. நீ பாக்கலியா?"

அந்த ரூம் வாசலை ஒரு நாளைக்குப் பத்து தடவை தாண்டுகிறவன் நான். ஜார்க்கண்ட் ஆள், மனைவிக்கு ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருந்தது. தினமும் காலையில் எனக்கு வணக்கம் வைப்பார். அவரைப் பற்றி என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று: இரண்டு நாள் வாடகை பாக்கி.

மேலே போனேன். குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்து கிடந்தது. அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கணவர் சட்டென்று எழுந்து சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தார். என் அரைகுறை இந்தியில் "கிராயா நஹீ, கிராயா நஹீ" (வாடகைக்காக இல்லை) என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கீழே அக்கா அரிசி களைகிற சத்தம் கேட்டது.