ஸ்கேன் நார்மல் என்ற பிறகும் குழந்தைக்கு எம்சியு எதற்கு?

14 மாதப் பையனுக்குக் காய்ச்சலோடு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து சரியாகிவிட்டது, அல்ட்ராசவுண்டும் நார்மல், பிறகு ஏன் எம்சியு (குழாய் வழியாகச் சிறுநீர் பையை மருந்தால் நிரப்பி, பிள்ளை கழிக்கும்போதும் எடுக்கும் எக்ஸ்ரே) என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிறுநீர் பையிலிருந்து மேலே ஏறும் ரிஃப்ளக்ஸ் இல்லை என்று நார்மல் ஸ்கேன் சொல்லவே சொல்லாது. சிறுநீரகத்தின் அளவு, வீக்கம், பைச்சுவரின் தடிப்பு, கழித்தபின் தங்கும் மிச்சம் இவைதான் அதில் தெரியும். ஓரளவு பெரிய ரிஃப்ளக்ஸ் இருந்தும் ஸ்கேன் சுத்தமாக வருவதுண்டு.

அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். முதல் தொற்று, ஈ.கோலை கிருமி, மருந்து தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தேறிவிட்டது, ஸ்கேன் நார்மல் என்றால் வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011லேயே முதல் தொற்றுக்கு இப்படித்தான் சொன்னது. காய்ச்சலோடு மறுபடி வந்தால், வேறு கிருமி வளர்ந்தால், பையன் சொட்டுச்சொட்டாகப் போனால் கதையே வேறு. இதில் எது காரணம் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

எடுப்பதானால் உருப்படியாக எடுக்க வேண்டும். தொற்று தீர்ந்த பிறகு, 3 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து நடுநாளில் செய்வது ஒரு முறை. பலூன் ஊதாத மெல்லிய குழாய் போதும். எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மேசையிலிருந்து ஒரு மீட்டருக்கு மிகாத உயரத்தில் தொங்கவிட்டு, தானாக இறங்க விட வேண்டும். சிரிஞ்சில் வைத்து அழுத்தினால் பை சுருங்கிக்கொள்ளும், நிறைவதற்குள் பிள்ளை கழித்துவிடும். எவ்வளவு ஏற்றுவது? இரண்டு வயதுக்கு மேல் என்றால் வயதோடு 2 கூட்டி 30ஆல் பெருக்குங்கள். 4 வயதுக்கு 180 மில்லி.

உயிர்நாடியான படம் சிறுநீர் கழிக்கும்போது எடுப்பதுதான். பையன் என்றால் சாய்வாக, மூத்திரக்குழாய் முழுக்கத் தெரிய வேண்டும். பின்பக்க வால்வு அடைப்பு (பையன்களின் மூத்திரக்குழாயில் பிறவியிலேயே இருக்கும் சவ்வு அடைப்பு) அங்கேதான் பிடிபடும். கழிக்கும் படமே இல்லாமல் 'ரிஃப்ளக்ஸ் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால், படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைக்குழந்தைக்கு ஒருமுறை நிரப்பியதில் தெரியாதது இரண்டாவது நிரப்பலில் தெரியலாம்.

சிறுநீரகத்தில் தழும்பு பார்க்கும் டிஎம்எஸ்ஏ ஸ்கேனை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். தொற்று முடிந்து 4 முதல் 6 மாதம் போகட்டும்; அதற்கு முன்னால் ஆறாத அழற்சியும் தழும்பு மாதிரியே தெரியும்.

இன்னொரு எரிச்சல்: பிள்ளையின் தோலில் ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரின் கல்ச்சரை (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையை) நம்பி இத்தனையும் ஆரம்பிப்பது. தோலின் கிருமி கலந்துவிடுவதால் ஒட்டும் பையில் வரும் பாசிட்டிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் பையனுக்கு எப்படிப் பிடித்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.