இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய அமெரிக்கப் பெண்களை ராணுவத்தினராக ஏற்றார்களா?

அப்போது ஏற்கவில்லை. 1943இல் விமானி ஜாக்குலின் காக்ரன் தலைமையில் உருவான, 'வாஸ்ப்' (WASP) என்ற பெண் விமானிகள் பிரிவின் பெண்கள், ஏட்டளவில் வெறும் குடிமைப் பணியாளர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர். புது விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். பழுது பார்த்தவற்றைச் சோதித்தார்கள். துப்பாக்கிப் பயிற்சிக்காகத் துணி இலக்கை விமானத்துக்குப் பின்னால் இழுத்தபடி பறந்தார்கள். சுட்டவர்கள் கற்றுக்குட்டிகள், குண்டுகளோ நிஜம்!

பயிற்சியிலும் பணியிலுமாக 38 பேர் இறந்தார்கள். உடலை ஊருக்கு அனுப்பும் செலவைக்கூட ராணுவம் ஏற்கவில்லை. தோழிகள் பணம் திரட்டி அனுப்பியதும் உண்டு. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஆண் விமானிகளின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 1944 டிசம்பரில் பிரிவு கலைக்கப்பட்டது. முன்னாள் படைவீரர் என்ற தகுதி 1977இல்தான் சட்டமானது.